ஏரிக்கரையில் ஒரு புயல் இரவு: ஆர்.வி. வண்டியை விட்டு வெளியேறிய ஒரு குடும்பம்

இரண்டு கோடைகளுக்கு முன், அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஒரு கிராமப்புற ஏரிக்கரைப் பூங்காவில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். நானும் உடன் இருந்தேன். யாருக்கும் காயமில்லை. ஆனால் அன்று மாலை ஒருவர் கேட்ட ஒரு கேள்வி கேட்கப்படாமல் போயிருந்தால் இப்படி எழுத முடிந்திருக்காது. கட்டில், அடுப்பு, கழிவறையோடு வரும் வீட்டு வண்டியான ஆர்.வி.யை வாடகைக்கு எடுத்து முதல்முறையாக முகாமிடப் போகும் நம் குடும்பங்கள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே இருப்பதால், எங்கள் தவறுகளையும் மறைக்காமல் எழுதுகிறேன். பெயர்கள், பூங்காவின் பெயர், வாடகை நிறுவனம் எதையும் குறிப்பிடவில்லை.

பின்னணி

அயோவாவில் 99 கவுன்ட்டிகள் உண்டு. நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு, அளவில் சிறியது. 1955இல் வந்த ஒரு மாநிலச் சட்டத்தின்படி கவுன்ட்டிகள் தங்களுக்கென இயற்கைப் பாதுகாப்பு வாரியம் அமைத்துக்கொண்டன. இன்று எல்லாக் கவுன்ட்டியிலும் அது இருக்கிறது. கூட்டம் மொய்க்கும் தேசியப் பூங்காக்களுக்குப் போக நேரமில்லாத உள்ளூர்க்காரர்கள் வார இறுதிக்கு நம்பியிருப்பது இந்த வாரியங்கள் நடத்தும் சிறிய பூங்காக்களைத்தான். ஓடையை மறித்துக் கட்டிய ஏரி, அதைச் சுற்றிச் சோள வயல், சரளைச் சாலை, முப்பது நாற்பது முகாம் இடங்கள், ஒரு குளியல் கட்டடம். பணத்தை உறையில் போட்டு வாசலில் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் தள்ளிவிட்டு உள்ளே போகலாம். இரவில் அலுவலர் யாரும் இருப்பதில்லை. கோடை முழுவதும் அங்கேயே தன் வண்டியில் தங்கி மேற்பார்வை செய்யும் தன்னார்வலர் ஒருவர் இருப்பார். ‘கேம்ப் ஹோஸ்ட்’ என்பார்கள். எங்கள் பூங்காவில் அவர் ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி.

நாங்கள் இரண்டு குடும்பங்கள், மொத்தம் ஒன்பது பேர். என் மனைவி, பதின்ம வயது மகன், நான் மூவரும் காருக்குப் பின்னால் பூட்டி இழுத்துவரும் எங்கள் சிறிய இழுவை வண்டியில் தங்கினோம். ஏழெட்டு ஆண்டுகளாக முகாமிட்டு வருகிறோம். மற்றது என்னை அண்ணா என்று அழைக்கும் ஒரு நண்பரின் குடும்பம்: கணவன், மனைவி, ஒன்பதும் ஐந்தும் வயதான இரண்டு பிள்ளைகள், பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து கோடைக்கு வந்திருந்த நண்பரின் பெற்றோர். அப்பாவுக்குச் சர்க்கரை நோய், தினமும் இன்சுலின். அம்மாவுக்கு மூட்டுவலி. பெற்றோருக்குக் கூடாரம் ஒத்துவராது, வண்டிக்குள்ளேயே கட்டிலும் கழிவறையும் இருந்தால் நல்லது என்றுதான் 28 அடி நீள ஆர்.வி. ஒன்றை வாடகைக்கு எடுத்தார்கள். அந்த யோசனையைச் சொன்னவன் நான்.

வெள்ளிக்கிழமை: இடம் தேர்ந்தெடுத்தது

மாலை 5 மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். இரண்டு இடங்கள் அடுத்தடுத்துக் காலியாக இருந்த பகுதிகள் மூன்று. மேட்டில் நிழலே இல்லாத ஒன்று, குளியல் கட்டடத்தை ஒட்டி ஒன்று, நீரோரமாகப் பெரிய காட்டன்வுட் மரங்களுக்குக் கீழே ஒன்று. வெயில் 34 டிகிரி. கரையோர நிழலைத்தான் பிடித்தோம். குளியல் கட்டடத்துக்கு அருகில் தங்கினால் இரவெல்லாம் கதவு அடிக்கும் ஓசை கேட்கும் என்று நானே சொன்னேன்.

காட்டன்வுட் பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் ஓரத்தில் கிடுகிடுவென வளரும் மரம் அது. வேகமாக வளர்வதால் கட்டை மென்மையாக இருக்கும். நம் முருங்கைக் கிளை முறிவதைப் போலப் பெருங்காற்றில் முறிந்துவிழும். இது எனக்குத் தெரியாத செய்தியல்ல. நிழலுக்கு ஆசைப்பட்டு அதை நினைக்காமல் விட்டேன்.

வண்டியை மட்டப்படுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, 30 ஆம்பியர் மின்கம்பியைச் செருகினோம். சாப்பாட்டு மேசையோடு அறையின் ஒரு பக்கம் வெளியே நகர்ந்து இடம் விரிந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனிங் எனப்படும் துணிக்கூரை பக்கவாட்டில் விரிந்தது. “வாசல் திண்ணை மாதிரியே இருக்கிறதே” என்றார் அம்மா.

அந்தச் சொல் என் மனத்தில் நின்றுவிட்டது. குளிர்பெட்டி, அடுப்பு, குளிரூட்டி, பூட்டுள்ள கதவு எல்லாம் இருப்பதால் ஆர்.வி. வீடு போலத் தோன்றும். சுவரைத் திறந்து பார்த்தால் மெல்லிய தகடு, நுரைப்பலகை, ஒட்டுப்பலகை, அவ்வளவுதான். கூரை என்பது மெல்லிய பலகைமேல் ஒட்டிய ரப்பர் விரிப்பு. அடித்தளம் கிடையாது, தரையோடு பிணைப்பும் கிடையாது. பலத்த காற்றில் அது உயரமான ஒரு காலிப் பெட்டி.

புறப்படும் முன் வானிலையைப் பார்த்துத்தான் வந்தோம். அமெரிக்காவில் புயல் கணிப்பு மையம் இடிப்புயல் அபாயத்தை ஐந்து படிகளாகத் தரும்: மார்ஜினல், ஸ்லைட், என்ஹான்ஸ்ட், மாடரேட், ஹை. சனிக்கிழமைக்கு எங்கள் பகுதி இரண்டாம் படியில் இருந்தது. “ஸ்லைட் என்றால் லேசாகத்தானே அண்ணா?” என்றார் நண்பர். நானும் தலையாட்டினேன். அந்தச் சொல், வீடுகளைச் சேதப்படுத்தும் அளவுக்கான புயல் ஆங்காங்கே வரக்கூடும் என்பதையே குறிக்கிறது. புயல் வந்தால் லேசாக இருக்கும் என்பதையல்ல. பரப்பும் வாய்ப்பும் குறைவு என்பதைப் பலமும் குறைவு என்று வாசித்துவிட்டோம். சனிக்கிழமை பகலில் அது மூன்றாம் படிக்கு உயர்த்தப்பட்டது. எங்களுக்குத் தெரியாது. பள்ளமான கரையில் எவருடைய கைபேசியிலும் சிக்னல் இல்லை. அணைக்கரை மேட்டுக்கு ஏறினால் ஒரு கோடு காட்டும்.

சனிக்கிழமை மாலை: ஒரு கேள்வி

பகல் முழுவதும் புழுக்கம். ஜூலை மாதத்தில் அயோவாவின் சோள வயல்கள் வேர்வழி உறிஞ்சிய நீரை இலைவழி காற்றில் விடுவதால் ஈரப்பதம் மேலும் ஏறும். ‘சோளம் வியர்க்கிறது’ என்பார்கள் உள்ளூரில். பிள்ளைகள் தண்ணீரைவிட்டு வெளியே வரவில்லை.

நாலரை மணி வாக்கில் அப்பா என்னோடு நடக்க வந்தார். மரங்களைப் பார்த்தபடி வந்தவர் நின்று, “தம்பி, இங்கே கெட்டியான கட்டடம் எது?” என்று கேட்டார். ஏன் கேட்கிறார் என்று புரியாமல் நான் விழித்தேன். மேற்கே வானம் அப்போதும் வெளுப்பாகத்தான் இருந்தது. “இலை அசையவில்லை. காற்று செத்துக் கிடக்கிறது. அதனால் கேட்டேன்” என்றார்.

2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலை கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது அவர் தம் வீட்டில்தான் இருந்தார். ஓட்டுவீடு. பக்கத்தில் மெத்தை வீட்டுக்காரர் இரவு எட்டு மணிக்கே கூப்பிட்டாராம். போகலாம் போகலாம் என்று பத்து மணியைத் தாண்டிவிட்டது, பிறகு பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. கடைசியில் ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள் பறந்துகொண்டிருந்த தெருவில் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாராம். “நாற்பதடி தூரம்தான் தம்பி. அந்த நாற்பதடியை நான் மறக்கவில்லை.” மறுநாள் காலை அவருடைய தென்னந்தோப்பில் நின்றிருந்த மரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றார்.

இருவரும் குளியல் கட்டடத்துக்குப் போனோம். எத்தனையோ முறை குளிக்கப் போன இடம்தான். அன்றுதான் அதைக் கட்டடமாகப் பார்த்தேன். நான்கு பக்கமும் கான்கிரீட் கல் சுவர். கூரையை ஒட்டிக் கையகலச் சாளரங்கள் மட்டும். எஃகுக் கதவு வெளிப்பக்கமாகத் திறந்தது. பெண்கள் பகுதி கிழக்கில், ஆண்கள் பகுதி மேற்கில். புயல் பெரும்பாலும் மேற்கிலிருந்து வரும் ஊர் இது. ஆகவே கிழக்குப் பக்கம் நல்லது என்று பேசிக்கொண்டோம். எங்கள் இடத்திலிருந்து சுமார் இருநூறு மீட்டர், முழுக்க ஏற்றம்.

தற்செயலாக அன்று மாலை அம்மா குளிக்கப் போனார். அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உடன் நடந்தார். ஏழு நிமிடம். என் மகனுக்கு அதே தூரம் ஒன்றரை நிமிடம். நாங்கள் பின்னால் எடுத்த முடிவுகள் எல்லாம் அந்த ஏழு நிமிடத்தின்மேல்தான் நின்றன.

மாலை 7:20 முதல் 9:30 வரை: எடுத்த முடிவுகள், எடுக்காதவை

ஏழே காலுக்குமேல் ஹோஸ்ட் தம் சிறு வண்டியில் ஒவ்வோர் இடமாக வந்து, இந்தக் கவுன்ட்டிக்கு நள்ளிரவு 1 மணி வரை கடும் இடிப்புயல் ‘வாட்ச்’ அறிவித்திருக்கிறார்கள் என்றார். மேற்கே கொல்லனின் பட்டடைக்கல் போல மேல்பக்கம் தட்டையாக விரிந்த மேகம் சூரியனை மறைத்திருந்தது.

‘வாட்ச்’ என்றால் புயல் உருவாகத் தோதான நிலை இருக்கிறது என்று பொருள். ‘வார்னிங்’ என்றால் புயல் வந்தேவிட்டது, அல்லது ரேடாரில் தெரிகிறது. அமெரிக்கக் கணக்கில் மணிக்கு 58 மைல், அதாவது சுமார் 93 கிலோமீட்டர் காற்றோ ஓர் அங்குல ஆலங்கட்டியோ இருந்தால்தான் ‘கடும்’ என்ற அடைமொழி. “வாட்ச்தானே, வார்னிங் வரட்டும்” என்றார் நண்பர். ஏழு நிமிட நடையுள்ள குடும்பம் வார்னிங் வரும்வரை காத்திருக்க முடியாது என்று அப்பாவும் நானும் சொன்னோம். எட்டு மணிக்கு நான்கு செய்திகளைப் பேசி முடித்தோம்.

முதலாவது, ஆனிங்கைச் சுருட்டுவது. உடனே செய்தோம். விரித்த ஆனிங் கப்பல் பாய்க்குச் சமம். மழை வந்தால் அடுப்பும் நாற்காலிகளும் நனையுமே என்று நண்பரின் மனைவி தயங்கினார். நாற்காலிகளை வண்டிக்கடியில் தள்ளினோம்.

இரண்டாவது, வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்பது. ஒன்றரை மணி நேரப் பயணம். நண்பர் இந்த வண்டியை ஓட்டுவது அன்று இரண்டாம் நாள். உயரமான வண்டி, இருட்டு, சரளைச் சாலை, புயல் எந்த வேகத்தில் எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. வழியில் மாட்டிக்கொள்வது தங்குவதைவிட மோசம் என்று முடிவு செய்தோம். மாலை நான்கு மணிக்கே கிளம்பியிருக்கலாமே என்று பின்னர் சில நண்பர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் எட்டு மணி நிலவரத்தில் அந்த முடிவை இன்றும் மாற்ற மாட்டேன்.

மூன்றாவது, ஆர்.வி.யை மரத்தடியிலிருந்து நகர்த்துவது. இதைச் செய்யவில்லை. மின்கம்பியைக் கழற்றி, வெளித்தள்ளிய அறையை உள்ளிழுத்து, கட்டைகளை எடுத்து நகர்த்த அரைமணி நேரம் போதும். மேட்டில் அந்த வெயில் இடம் காலியாகவே இருந்தது. “எப்படியும் நாம் வண்டியில் இருக்கப் போவதில்லையே” என்று நான் சொன்னேன். காரை மட்டும் எடுத்து வெளியே நிறுத்தினோம்.

நான்காவது, பெரியவர்களையும் பிள்ளைகளையும் எட்டரை மணிக்கே கட்டடத்துக்கு அனுப்பிவிடுவது. முடிவு எடுத்தோம், நிறைவேற்றவில்லை. அம்மாவுக்கு விருப்பமில்லை. “குளிக்கிற இடத்தில் போய், ஈரத்தில், முன்பின் தெரியாதவர்கள் நடுவே எப்படி உட்காருவது?” என்றார். இதை நாங்கள் எதிர்பார்க்கவே இல்லை. கூச்சம் சிறிய தடையல்ல. இன்னும் மழையே வரவில்லை, பிள்ளைகள் சாப்பிடட்டும் என்று ஒரு மணி நேரம் கழிந்தது. கடைசியில் அப்பாதான் பேசினார். கஜாவின் பெயரைக்கூட எடுக்கவில்லை. “அந்த நாற்பதடி” என்றார். அம்மா எழுந்து செருப்பைத் தேடினார்.

இதற்கிடையே நான் ஹோஸ்டின் வண்டிக்குப் போய் அவருடைய வானிலை வானொலியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். தேசிய வானிலை சேவை 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு அலைவரிசைகளில் நாள் முழுவதும் ஒலிபரப்பும் இயந்திரக் குரல் அது. கைபேசிக் கோபுரமோ இணையமோ அதற்குத் தேவையில்லை. ஆனால் அந்தக் குரல் இடங்களைக் கவுன்ட்டிப் பெயரால்தான் சொல்லும். நண்பரைக் கேட்டேன்: நாம் எந்தக் கவுன்ட்டியில் இருக்கிறோம்? அவருக்குத் தெரியவில்லை. வழிகாட்டிச் செயலி சொன்ன திருப்பங்களில் திரும்பி வந்து சேர்ந்தவர் அவர். வெளியூர்க்காரர்கள் எல்லாருக்கும் இதே நிலைதான். எங்கள் கவுன்ட்டி எனக்குத் தெரியும். மேற்கே இருப்பது எது என்று கேட்டால் நானும் திணறியிருப்பேன். ஹோஸ்ட் மாநிலச் சாலை வரைபடத்தை விரித்து மேற்கே இரண்டு கவுன்ட்டிகளைப் பென்சிலால் வட்டமிட்டுக் கொடுத்தார். 2020 ஆகஸ்ட் 10 அன்று அயோவாவை மேற்கிலிருந்து கிழக்காக உழுதுபோட்ட, டெரெச்சோ எனப்படும் நெடுந்தூர நேர்க்காற்றுப் புயலில் அவர் சீடர் ராபிட்ஸ் நகரத்தின் பக்கம் இருந்தவராம். அங்கே காற்று உச்சத்தில் மணிக்கு 140 மைல் வரை வீசியதாகப் பின்னர் மதிப்பிட்டார்கள். அன்றிலிருந்து கையெட்டும் தூரத்தில் வானொலி இல்லாமல் தூங்குவதில்லை என்றார்.

9:20க்கு மேற்கே இருந்த கவுன்ட்டிக்கு வார்னிங் வந்தது. மணிக்கு 50 மைல் வேகத்தில் கிழக்கே நகர்கிறது. வரைபடத்தில் விரலால் அளந்தோம், ஏறத்தாழ 35 மைல். நாற்பது நிமிடம். 9:30க்கு நடக்கத் தொடங்கினோம்.

9:30 முதல் 10:20 வரை

அம்மா ஏறி முடிக்கப் பத்து நிமிடம் ஆனது. இருட்டும் டார்ச் வெளிச்சமும் மூன்று நிமிடத்தைத் தின்றுவிட்டன. வழியில் இரண்டு கூடாரங்களில் இருந்த கல்லூரி மாணவர்களை என் மகன் கூப்பிட்டான், மறுபேச்சில்லாமல் வந்தார்கள். பெண்கள் பகுதியில் இருபது பேருக்குமேல் கூடினோம், மூன்று நாய்கள் வேறு. அம்மா தாம் கொண்டுவந்த துண்டால் தரையின் ஈரத்தைத் துடைத்துவிட்டு, இன்னொரு துண்டை விரித்துச் சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் ஓர் அமெரிக்க மூதாட்டி நாயை அணைத்தபடி உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் முன்பு இருந்த கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை.

9:48க்கு அப்பா மெல்ல, “ஊசி மருந்து வண்டியில்” என்றார். இன்சுலின் குளிர்பெட்டியில். இருவருடைய பாஸ்போர்ட்டும் கட்டிலுக்கு மேலிருந்த அலமாரியில். நண்பர் எழுந்து ஓடிவிட்டார். நான் தடுக்கவில்லை. அந்த இரவில் நான் செய்த மிகப் பெரிய தவறு இதுதான். கணக்குப்படி இன்னும் பன்னிரண்டு நிமிடம் இருக்கிறது என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் புயலுக்கு முன்னால் ஓடிவரும் காற்று, மழைக்குப் பல நிமிடம் முந்தியும் வரலாம். நான் போட்ட கணக்கு மழையின் கணக்கு.

அவர் 9:57க்கு மூச்சிரைக்க உள்ளே வந்தார். 10:02க்குக் காற்று வந்தது. சில்லென்று ஒரு வீச்சு, ஈரமண் வாசனை, அதன்பின் இரைச்சல். எஃகுக் கதவு நிலையோடு அதிர்ந்தது. இரண்டு பேர் உள்ளிருந்து கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். விளக்கு அணைந்தது. கதவின் அடியிடுக்கு வழியே தண்ணீர் நாக்கு நீட்டிக்கொண்டு வந்தது. கூரையில் ஆலங்கட்டி விழும் சத்தத்தில் எதிரே இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. அம்மா பேத்தியின் இரண்டு காதுகளையும் தம் உள்ளங்கைகளால் மூடி, கட்டைவிரலால் அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். எங்கோ மரம் முறியும் ஓசை வெடிபோலக் கேட்டது. ஒன்று, பிறகு இன்னொன்று. பதினைந்து நிமிடத்தில் காற்று தணிந்தது. மழை மட்டும் விடாமல் பெய்தது.

எங்களில் எவர் கைபேசியும் எச்சரிக்கை ஒலி எழுப்பவில்லை. சிக்னல் இல்லாததுதான் காரணம் என்று நினைத்தோம். பாதிதான் உண்மை. சூறாவளிச் சுழலுக்கான, அதாவது டொர்னாடோ வார்னிங் என்றால் கைபேசிகள் அலறும். இடிப்புயல் வார்னிங் எல்லாவற்றுக்கும் அப்படியல்ல. 2021 ஆகஸ்ட் முதல், மணிக்கு 80 மைல் காற்றோ 2.75 அங்குல ஆலங்கட்டியோ எதிர்பார்க்கப்படும் மிகக் கொடிய வகைக்கு மட்டுமே கைபேசிக்கு நேரடி எச்சரிக்கை போகிறது. அன்று எங்களுக்கு வந்த வார்னிங் 70 மைல் காற்றுக்கானது. சிக்னல் இருந்திருந்தாலும் கைபேசி வாய் திறந்திருக்காது. இது தெரியாமல்தான், ஏதாவது பெரிதாக வந்தால் போன் சொல்லும் என்று நம்மில் பலர் தூங்கப் போகிறோம்.

வெளியே வந்தபோது

10:40க்கு ஹோஸ்ட் முதலில் வெளியே போய்ப் பார்த்துவிட்டு, மின்பெட்டிகள் எதையும் யாரும் தொட வேண்டாம் என்றார். பூங்காவின் முதன்மை இணைப்பைத் துண்டித்திருந்தார். யாரோ ஒருவர் கட்டடக் கதவருகே ஜெனரேட்டரைக் கொண்டுவந்து கிளப்பப் போனார். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு உள்ளே பரவும் என்று ஹோஸ்ட் அதைத் தூரத் தள்ளிவைக்கச் சொன்னார். கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத வாயு அது. புயல் முடிந்த பிறகும் இப்படி உயிர்கள் போவதுண்டு.

நண்பரும் நானும் டார்ச்சோடு கீழே இறங்கினோம். காட்டன்வுட்டின் ஒரு பெருங்கிளை, ஆளின் இடுப்பளவு பருமன், ஆர்.வி.யின் பின்பகுதியில் விழுந்திருந்தது. கூரைமேல் இருந்த குளிரூட்டி நசுங்கிக் கிடந்தது. கதவைத் திறந்து வெளிச்சம் அடித்தோம். பின்கட்டிலின் மேலே கூரை கிழிந்து, முறிந்த கிளையின் வெள்ளை நுனி தலையணைவரை இறங்கியிருந்தது. அந்தத் தலையணையில் முந்தைய இரவு அப்பா தூங்கினார். மழைநீர் மெத்தையில் சொட்டிக்கொண்டிருந்தது. நண்பர் அலமாரியைப் பார்த்தார், பாஸ்போர்ட் எடுத்த இடம். கட்டிலுக்கு நேர் மேலே. ஒன்றும் பேசாமல் கதவைச் சாத்தினார்.

சமையல் எரிவாயு லேசாக வாடை அடித்தது. வெளியே உருளையின் வால்வை மூடிவிட்டு விலகினோம். எங்கள் இழுவை வண்டி அரையடி நகர்ந்திருந்தது, கவிழவில்லை. எங்களுக்கு அப்பால் ஆனிங்கைச் சுருட்டாமல் விட்ட ஒரு வண்டியில் அது கூரைக்குமேல் மடிந்து, பக்கச் சுவரின் தகட்டையும் உரித்துக்கொண்டு போயிருந்தது. இரவை எல்லாரும் கட்டடத்திலும் கார்களிலும் கழித்தோம்.

ஞாயிறு காலை கவுன்ட்டி ஆட்கள் மரமறுக்கும் இயந்திரத்தோடு வந்துவிட்டார்கள். ஆர்.வி.யை இழுத்துத்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. எதையும் நகர்த்தும் முன் எடுத்த படங்கள் காப்பீட்டுக்கு உதவின. ஆனாலும் நண்பர் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை சிறியதல்ல. வயல்களிலிருந்து வண்டல் இறங்கி ஏரி காப்பி நிறத்தில் கிடந்தது. பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்கவில்லை.

எதை மாற்றிக்கொண்டோம்

இடம் பிடிக்கும்போது இப்போது நிழலைப் பார்ப்பதில்லை; தலைக்குமேல் பார்க்கிறோம். காட்டன்வுட், பட்ட கிளை, சாய்ந்த மரம் இருந்தால் வேறு இடம். பெரியவர்கள் உடன் வந்தால் குளியல் கட்டடத்துக்கு மிக அருகிலுள்ள இடம்தான். கதவு ஓசையில் தூக்கம் கெட்டால் கெடட்டும்.

போய் இறங்கியதும், வண்டியை மட்டப்படுத்தும் முன்பே, கெட்டியான கட்டடம் எது, இரவில் பூட்டுவார்களா என்று ஹோஸ்டிடம் கேட்கிறோம். கூட்டத்தில் மெதுவாக நடப்பவரை அழைத்துக்கொண்டு ஒருமுறை நடந்து பார்த்து நேரம் குறிக்கிறோம். இருட்டுக்கும் மழைக்கும் அதில் பாதியைக் கூட்டிக்கொள்கிறோம்.

வானிலை வானொலி ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு கவுன்ட்டிக்கும் ஆறிலக்கக் குறியீடு உண்டு; அயோவாவுக்கு அது 019 என்று தொடங்கும். தங்கும் கவுன்ட்டிக்கும் அதற்கு மேற்கே இருப்பதற்கும் குறியீடுகளைப் பதித்துவிட்டால், அந்த இரண்டில் ஒன்றுக்கு எச்சரிக்கை வந்தால் தூக்கத்திலும் எழுப்பும். கவுன்ட்டி பெயர், பூங்கா பெயர், எங்கள் இட எண் மூன்றையும் தாளில் எழுதிக் கதவில் ஒட்டுகிறோம். அவசர உதவி எண்ணான 911ஐ அழைத்தால் முதலில் கேட்பது எங்கே இருக்கிறீர்கள் என்பதைத்தான்.

கதவருகே ஒரு தோள்பை. மருந்து, பாஸ்போர்ட், டார்ச், தண்ணீர், காலணி. இன்சுலின் மட்டும் குளிர்பெட்டியில். பையின் வாரில் சிவப்புத் துணி கட்டியிருந்தால் அதையும் எடுக்க வேண்டும் என்று பொருள். கட்டடத்துக்குள் போன பிறகு எதற்காகவும் யாரும் திரும்பக் கூடாது என்று பிள்ளைகள் முன்னிலையில் சொல்லி வைக்கிறோம். அன்று நண்பருக்கு ஐந்து நிமிடம் மிச்சம் இருந்தது. அது எங்கள் திறமையால் கிடைத்ததல்ல.

அம்மாவின் தயக்கத்துக்கு நாங்கள் கண்ட வழி எளிது. வெளிச்சம் இருக்கும்போதே இரண்டு மடக்கு நாற்காலிகளையும் பாயையும் அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும். உட்கார இடம் தயார் என்று தெரிந்தால் எழுந்து வருவது எளிதாகிறது. வாட்ச் வந்ததுமே இதைச் செய்திருந்தால் அந்த ஒரு மணி நேரம் போயிருக்காது.

வாடகை நிறுவனம் வண்டியை ஒப்படைக்கும் முன் நண்பருக்குக் காட்டிய காணொளி நாற்பது நிமிடம். கழிவுத் தொட்டியைக் காலி செய்வது, அடுப்பு, மின்கம்பி எல்லாம் அதில் உண்டு. காற்றைப் பற்றி ஒரு வாக்கியம் இல்லை. நண்பர் இதைச் சுட்டிக்காட்டி எழுதினார், பதில் வரவில்லை. பூங்கா வாரியத்துக்கு நான் எழுதினேன். அடுத்த மே மாதம் போனபோது, பணம் போடும் இரும்புப் பெட்டிக்கு மேலே ஒரு பலகை புதிதாக இருந்தது. கவுன்ட்டியின் பெயர் பெரிய எழுத்தில், கீழே வானொலிக் குறியீடு, குளியல் கட்டடத்தை நோக்கி ஓர் அம்புக்குறி. கரையோரத்தில் எங்கள் இடத்தின் மரத்தை வெட்டியிருந்தார்கள். பலகையைப் படமெடுத்துப் பட்டுக்கோட்டைக்கு அனுப்பினேன். அப்பா பதில் எழுதினார்: “கட்டடம் இரவில் திறந்திருக்குமா என்று அதில் போடவில்லையே, தம்பி.” வாரியத்துக்கு மறுபடியும் எழுதியிருக்கிறேன்.